விட்டுப்போன பதினாறு பக்கம்

நேரமாச்சுன்னு செயலாளர் வாட்சைக் காட்டுறார்... தெரியுதுங்கய்யா. ஒரே ஒரு குட்டிக் கதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன். கேப்பீங்கல்ல?

கோவில்பட்டிப் பக்கம் செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. உங்கள மாதிரி காலேஜ்ல படிக்கிறவ. ஒரு நாவல் எழுதினா. எந்தப் பதிப்பகமும் பதில் போடல. விட்டாளா? விடல! டியூஷன் எடுத்துச் சேத்து வச்சதைப் போட்டு, தானே அச்சடிச்சுட்டா.

புத்தகம் வந்துச்சு. அட்டையைத் தடவிப் பாத்தா... மோந்து பாத்தா... பின்னட்டையில தன் போட்டோவைப் பாத்தா... பாத்துக்கிட்டே இருந்தா! உள்ள புரட்டிப் பாத்தாளா? ம்ஹூம். அவ எழுதினதுதானே, அவளுக்குத் தெரியாதா?

அப்புறம் விளம்பரம். ரீல்ஸ் என்ன, ஸ்டேட்டஸ் என்ன! கேன்டீன் வாசல்ல மேசை போட்டு நின்னா. கூடப் படிக்கிற கொம்பையா பாவம், வடை வாங்க வந்தவன். அவன் கையிலயும் ஒண்ணைத் திணிச்சாச்சு.

பாராட்டு குவிஞ்சுது. "சூப்பர்!" "செம!" "அருமை!" ஆனா அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரே உறுத்தல். 'ஒரு ஆளாவது நிஜமா படிச்சாங்களா? படிக்கலைன்னா நான் யாருக்காக எழுதணும்? இதோட விட்டுடலாம்.' அதனால பாக்குறவங்ககிட்ட எல்லாம் கேட்டா... "முடிவு எப்படி இருந்துச்சு?"

அவ மாமா சொன்னார், "முடிவுல கண்ணு கலங்கிடுச்சும்மா!" கொம்பையா சொன்னான், "முடிவு வேற லெவல்!"

ஒரு ஞாயித்துக்கிழமை போன் வருது. எடுத்ததுமே சண்டை.

"ஏம்மா, புத்தகம் எழுதினது நீதானா? நான் கொம்பையாவோட அக்கா பேச்சித்தாய் பேசுதேன். பிள்ளை பெத்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். தம்பி மேசை மேல கிடந்துச்சு, பிரிக்காம. பிள்ளையைத் தொட்டில்ல ஆட்டிக்கிட்டே படிச்சேன். படகு கவுந்துருச்சு, ரோசலின் புருஷனைத் தேடி நீந்துதா... 'இருட்டில் அவள் கையில் தட்டுப்பட்டது'... அவ்வளவுதான்! அடுத்து அட்டை! என்னட்டி தட்டுப்பட்டுச்சு? அவன் இருக்கானா, போயிட்டானா? சொல்லு!"

செண்பகவல்லி புத்தகத்தைப் புரட்டுறா... கடைசி பதினாறு பக்கம் இல்ல! இன்னொண்ணை எடுக்குறா... அதுலயும் இல்ல! பைண்டிங்ல கடைசிப் பாரத்தை, அதான் அந்தப் பதினாறு பக்கத்தை மடிச்ச தாளை, வைக்காமலே தைச்சுட்டாங்க. எல்லாப் புத்தகத்துலயும்!

புரியுதா? இல்லாத முடிவைப் படிச்சுத்தான் மாமாவுக்குக் கண்ணு கலங்கியிருக்கு!

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "அக்கா... தப்பு என்னுதுதான். இருங்க, நான் படிச்சுக் காட்டுறேன்." லேப்டாப்பைத் திறந்து, கடைசி அத்தியாயத்தை போன்லயே படிச்சா. அந்தப் பக்கம் தொட்டில் சத்தம் மட்டும்... கிரீச்... கிரீச்... நடுவுல அதுவும் நின்னு போச்சு.

படிச்சு முடிச்சா. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம்.

"உயிரோடதான் இருந்திருக்கான்... அப்பாடா. நல்லா இருப்பட்டி!"

"ரொம்ப நன்றிக்கா."

"எனக்கு எதுக்கு நன்றி? எழுதினது நீ."

"எழுதினேன்க்கா... கடைசி வரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தான்."

மறுநாள் அச்சகத்துக்கு ஓடினா. மூலையில கட்டுக் கட்டா கிடந்துச்சு அந்தப் பதினாறு பக்கம். வாங்கினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டு போய் நீட்டினா, "முடிவு விட்டுப்போச்சு, மன்னிச்சுடுங்க." மாமா மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்! அவ ஒருத்தரையும் குத்திக் காட்டல. "நம்பி வாங்கினீங்களே, அதுக்கே நன்றி"ன்னு கும்பிட்டா. கொம்பையா இருக்கானே... வெக்கம் பிடுங்கித் தின்ன, அன்னிக்கே முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சுட்டான்.

இன்னிக்கு இந்த மேடையில வெளியிட்டோமே, அது செண்பகவல்லியோட ரெண்டாவது நாவல். அதோ, முன் வரிசையில பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே... அவங்கதான் பேச்சித்தாய். முதல் பிரதி யாருக்குப் போச்சுன்னு பாத்தீங்கல்ல?

அன்பானவங்களே, பாராட்டுறவங்களுக்கு நன்றி சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா உங்ககிட்ட சண்டைக்கு வர்றாங்க பாருங்க, "ஏன் பாதியில விட்டே?"ன்னு... அவங்கதான் உங்களை முழுசாப் படிச்சவங்க. அவங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லுங்க.

நான் இறங்கினதும் "பேச்சு அருமை"ன்னு யாரும் வந்துடாதீங்க... எங்க சொதப்பினேன்னு வந்து சொல்லுங்க. கடைசி வரைக்கும் கேட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிறேன்.