தொட்டியில் போட்ட எழுத்து

ஹலோ... ஹலோ, சீனியா? அர்ச்சுனன் பேசுறேன். வைக்காதே, போனை வைக்காதே மச்சான்... ஈப்போவுலதான், நம்ம அச்சுக்கடைல. பீடோர் டவுன்ல போயி ஒளிஞ்சுக்கிட்டா விட்டுருவேனா?

ஆமா, ஆமா, பாத்துட்டேன். புது கம்ப்யூட்டர் ரோசாக் ஆயி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். நான் வரைஞ்ச தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்ல. எங்கலா போச்சு?...

குப்பைத்தொட்டியிலயா!... சரி... சரி, மெஷின்லேர்ந்து பிளாப்பித் தட்டை எடுக்கணும்னா திரையில இருக்கிற தொட்டிப் படத்துல இழுத்துப் போடுவோம், வெளிய வந்துரும். அதனால எழுத்தும் வந்துரும்னு போட்டியா? அடப்பாவி, பிளாப்பிக்கு மட்டும்தான்டா அது!...

வரலன்னதும் தொட்டியைக் காலி பண்ணிட்டியா? அய்யோ...

இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், பழைய மெஷினே போதும்னு. கறுப்புத் திரை, நான் தட்டுன கட்டளைய மட்டும் செய்யும். உனக்குத்தான் படம் பாத்து மௌஸை உருட்டுனாத்தான் வேலை ஓடும்...

என்ன, என்ன சொன்ன?... ஆமாலா. பழசுல தமிழ் வராதுதான். இல்லைன்னு சொன்னேனா? அதனாலதானே எனக்குப் புடிக்காத மௌஸைப் புடிச்சு, புள்ளி புள்ளியா வரைஞ்சேன். கை மரத்துப்போயி சோத்தைப் பிசைய முடியாம ஒக்காந்திருந்தேன். உன் பொண்டாட்டியக் கேளு. நவமணி என் தங்கச்சிதானே, பொய்யா சொல்லும்?

வேற பிளாப்பில காப்பி எடுத்து வச்சேனான்னா கேக்குற? 'புது மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது மச்சான்'னு சொன்னது யாரு?...

நாளைக்குப் பத்துமலை அண்ணன் வாராரு, மக கல்யாணக் கார்டுக்கு. என்னத்தச் சொல்ல? மலாய்ல அடிச்சுத் தரவான்னு கேக்கவா?...

திரும்ப வரையணுமா? நீ வரை. மௌஸ் உனக்குத்தான் செல்லப்புள்ளையாச்சே.

அது கெடக்கட்டும். எழுத்தை எதுக்கு வெளிய எடுக்கப் பாத்த?... முழுங்காம சொல்லு... மதார் சாகிப் கடைக்கா? பீடோர்ல இருக்கிற அந்த அச்சுக்கடைக்கா?... சும்மா குடுத்து நல்ல பேரு வாங்கலாம்னு பாத்தியா... ம்... ம்...

இல்ல, நான் கத்தல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. தொட்டியைக் காலி பண்றப்ப, நெசமாவே அழிக்கவான்னு மெஷின் கேட்டுச்சா?... கேட்டுச்சு. நீ சரின்னு அமுக்கிட்ட.

உனக்குப் புடிச்ச மெஷின்கூட உன்னைய ஒரு வார்த்தை கேட்டுச்சே மச்சான். நீ என்னையக் கேட்டியா?

சாவிய நவமணிகிட்ட குடுத்துட்டுப் போறேன். கடைய நீயே பாத்துக்க.