ட்ராமில் கேட்ட மெக்கானிக் படிப்பு

காலையில் மிட்சம் என்ற ஊரில் ட்ராம் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் ஐம்பதை நெருங்கிய ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள்.

“மீன்கடை வேலை எனக்குக் காணும், அலுத்துப்போச்சு. கொலிஜில கார் மெக்கானிக் படிக்கப் போறன்” என்றார் மனைவி.

கணவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். “உமக்கு விசரே? எத்தினை வருஷம்?”

“ரெண்டு.”

“ரெண்டு வருஷச் சம்பளம் போகும். அதுக்கு மேல பீஸ். நகமெல்லாம் கறுத்துப் போகும்.”

“இப்ப மட்டும் மீன் வெட்டி மினுங்குதோ? போன கிழமை எங்கட காருக்கு பிரேக் மாத்தினவன் மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுத்தவன்?”

“அதைக் கேக்காதையும். வயிறு எரியுது.”

“நீங்கள் பட்டம் எடுத்து, இருபது வருஷமாக் கணக்கு எழுதி, அதில பாதிதான் எடுக்கிறியள்.”

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“பொம்பிளை காருக்குக் கீழ படுத்துக் கிடக்கிறா எண்டு கோயிலில சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். அந்தச் சனம் முழுக்கக் காரிலதானே வருகுது? அவ்வளவும் எனக்குக் கஸ்டமர்.”

ட்ராம் நின்றது. மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க இறங்கிறீர்? இது எங்கட ஸ்டொப் இல்லையே.”

“கொலிஜுக்கு. இண்டைக்கு இன்டர்வியூ.”

“பொறும், நானும் வாறன்.”

“என்னத்துக்கு? மறிக்கவோ?”

“இல்லையப்பா. கணக்கு எழுதிக் களைச்ச ஆம்பிளையளையும் சேர்ப்பினமோ எண்டு கேக்க வேணும்.”