பதிலுக்குப் பத்து வினாடி

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பல் துலக்கிவிட்டு ஸ்டவ்வில் வெந்நீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிப்பேன். பிறகு அலமாரியிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து, ஒரு வெள்ளை மாத்திரையை என் மனைவி மலையம்மாளின் உள்ளங்கையில் வைப்பேன். அவள் விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவாள். நான்கு வருடம் இப்படித்தான் நடந்தது சார். ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை.

அவளுக்கு வலிப்பு உண்டு. கல்யாணமான புதிதில் இரண்டு முறை வந்தது. வருவதற்குச் சற்று முன் அவளுக்கே தெரிந்துவிடும். "வருது மாமா" என்பாள். நான் கையைப் பிடித்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பிறகு வரவே இல்லை. தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனால் நான் கரையில் நிற்பேன்.

நான் எம்.காம். படித்தவன். 2004 வரை பத்தொன்பது நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருக்கிறேன். மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த கேள்விகளை நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும். உங்கள் பலவீனம் என்ன. எங்கே போனாலும் இவைதான் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அப்படியும் பத்தொன்பது.

வாய்க்கால் கரையில் நிற்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மலையம்மாளிடம் நோட்டைக் கொடுத்து என்னைக் கேட்கச் சொன்னேன். ஈரக் கையால் அவள் பக்கங்களை நனைத்ததால், நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொன்னேன். சில நாளில் அவளும் விளையாட்டாகப் பதில் சொல்லத் தொடங்கினாள். பக்கத்துத் தெரு சங்கிலியம்மாள் துணி துவைத்துக்கொண்டே சிரிப்பாள்.

"ஏத்தா, ஒம்புருசன் வேலைக்குப் போறாகளோ இல்லையோ, ஒன்னைய கலெக்டராக்காம விடமாட்டாக போல."

"ஆயிட்டா மொத கையெழுத்து ஒனக்குத்தான்க்கா. இந்தப் படித்துறைய ஒம்பேருக்கே எழுதித் தந்துர்றேன்" என்பாள் இவள்.

போடியில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் அலுவலக உதவியாளர் வேலை ஒன்று வந்தது. அடித்தல் திருத்தல் வந்தால் மாற்றிக்கொள்ள நான் எப்போதும் இரண்டு விண்ணப்பம் வாங்குவேன். அந்த முறை ஒன்றிலேயே பிழையில்லாமல் முடிந்தது. மீந்ததை மலையம்மாளிடம் கொடுத்து, "நீயும் போட்டு வை" என்றேன். அவளும் பி.காம். தான். இருவருக்கும் கடிதம் வந்தது. ஒரே பஸ்ஸில் போனோம்.

என் பலவீனம் என்ன என்று கேட்டார்கள். ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் தூங்க மாட்டேன், அதுதான் என் பலவீனம் என்றேன். நோட்டில் உள்ளதுதான். கம்பெனியின் மேலாளர் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"காலையிலருந்து ஏழு பேரு இதையே சொல்லிட்டாக தம்பி. ஊர்ல ஒருத்தரும் தூங்குறதில்ல போல."

அதே கேள்விக்கு மலையம்மாள் என்ன சொன்னாள் என்பதைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். "எனக்கு வலிப்பு இருக்கு சார். மாத்திரை ஒழுங்காப் போட்டா வராது. நாலு வருசமா வரல. அப்படின்னேன் மாமா."

அதைச் சொல்லவே கூடாது என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பதில் கிடையாது, யாரும் வேலை தர மாட்டார்கள் என்று சின்னமனூர் வரும்வரை விளக்கினேன். "கேட்டாக, இருக்கிறதச் சொன்னேன்" என்றாள்.

பத்து நாளில் தபால் வந்தது. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை இறுதித் தேர்வுக்கு அவளை அழைத்திருந்தார்கள். எனக்கு வந்த கடிதத்தில், முதலில் இருப்பவர் வராவிட்டால் நான் அழைக்கப்படுவேன் என்று இருந்தது.

வாய்க்காலில் சங்கிலியம்மாள் சொன்னாள்: "கேள்வி கேட்டவுக தோத்துட்டாக, பதில் சொன்னவ ஜெயிச்சுட்டா. நல்ல கூத்துத்தான்."

மலையம்மாள் அதற்குச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "மாமா கேள்வி கேக்கலேன்னா நான் எங்கிட்டுப் பேச?" என்றாள். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அவள் பதில் தப்பு. தப்பான பதிலுக்கு வேலை கிடைக்கிறது என்றால் நான் ஐந்து வருடம் படித்ததற்கு என்ன பொருள்? அந்தப் பதில் தப்பு என்று ஒரே ஒரு காலை தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அவள் அன்று பஸ் ஏற முடியாமல் போனால் போதும். மறுநாள் வழக்கம்போல இருக்கலாம்.

மருந்துக் கடையில் அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைத்தது. புட்டியில் மாற்றி வைத்தேன். பதினொரு நாள் அதைத்தான் கொடுத்தேன். முதல் நாள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, "இந்தத் தடவ கசக்கவே இல்லையே மாமா" என்றாள். புதுக் கம்பெனி மாத்திரை என்றேன். சரி என்றாள். பத்து நாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் பதிலே சரியாகிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

பதினொன்றாம் நாள் திங்கட்கிழமை. எட்டு மணி பஸ். ஆறரைக்கு வாய்க்காலுக்குப் போனோம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டு நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது, இடுப்பளவு ஓடியது. சங்கிலியம்மாள் துணிகளைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள். மலையம்மாள் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டே, "கேளுங்க மாமா, கடைசித் தடவ" என்றாள்.

இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

பிறகு அவள் தண்ணீருக்குள் போனாள். பதிலுக்குப் பத்து வினாடி பொறுக்க வேண்டும், இடையில் பேசக் கூடாது என்று நோட்டில் இருக்கிறது. நான் பொறுத்தேன். அவள் சேலை முந்தானை படித்துறைக் கல்லில் மாட்டியிருந்ததால் தண்ணீர் அவளை இழுத்துப் போகவில்லை. எனக்கு நீச்சல் தெரியும். அங்கே நீச்சலே தேவையில்லை. நான்கு படி இறங்கினால் போதும். நோட்டு நனையக் கூடாது என்று அதைக் கல்லின் மேல் வைத்தது நினைவிருக்கிறது. அதன் பிறகும் நின்றேன். தண்ணீர் அசைவது நின்ற பிறகுதான் கத்தினேன்.

கூடியவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வருசநாட்டிலிருந்து அவள் அப்பா ஒச்சாண்டி வந்தார். "எம்மக கடைசியா என்னப்பா சொன்னா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே, "இங்கனதான் மாமா, உங்க கூடத்தான்" என்றாள், அப்படியே முங்கினாள், மூச்சுப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன் என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நீங்களும் அன்று ஸ்டேஷனில் அதைத்தான் எழுதிக்கொண்டீர்கள்.

முப்பதாம் நாள் கழிந்து போடியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. போனேன். ஞானசிகாமணி நோட்டில் உள்ள எதையும் கேட்கவில்லை.

"நல்ல பிள்ள தம்பி அது. மறைக்காமப் பேசுச்சு. கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சா?"

ஒச்சாண்டியிடம் சொன்னதையே சொன்னேன். தடுமாறவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இருபத்தொரு தேர்வில் நான் தேறியது அந்த ஒரு பதிலால்தான். அதையும் நான் வீட்டில் தயார் செய்துதான் வைத்திருந்தேன்.

நாளைக் காலை வேலையில் சேர வேண்டும். சட்டை தேய்த்து வைத்தாயிற்று. நீங்கள் அன்று கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். சத்து மாத்திரைப் புட்டி இது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேள்வி கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த அரப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வருது மாமா. கையக் குடுங்க."