எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க

நிலோபர்: தொலஞ்சு போன என் குடை விஷயத்துக்காகவா மாமா, ஜொகூர் பாருல இருந்து சிகாமட்டுக்கு ரெண்டரை மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தீங்க?

பாசித்: இல்லம்மா... அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வந்தேன்.

நிலோபர்: கடைக்கு வந்த யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னுல்ல அப்ப சொன்னீங்க?

பாசித்: நான்தான் கார்ல வச்சு எங்கயோ விட்டுட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

நிலோபர்: அலமாக்! கடைக்கு மீன் போட வர்ற சீனர் ஆ செங்கைச் சந்தேகப்பட்டு, ஒரு வருஷம் அவரப் பாத்துச் சிரிக்கவே இல்ல நான்!

காதர் பீவி: நிலோபர், வாசல்ல யாரு? பாசித் தம்பியா? உக்காரச் சொல்லு! கறிபாப் எண்ணெயில கெடக்கு, எடுத்துட்டு வர்றேன்!

பாசித்: அவசரம் இல்ல லாத்தா! மெதுவா வாங்க!

நிலோபர்: சரி, குடைக்கு மன்னிச்சாச்சு. அடுத்தது?

பாசித்: கிண்டல் பண்ணாத புள்ள. நாளன்னிக்கு ஹஜ்ஜுக்கு ஃப்ளைட். போறவன் திரும்பி வருவானோ மாட்டானோ... ஜனங்ககிட்ட மன்னிப்பு வாங்காமப் போகக் கூடாது.

நிலோபர்: அதான் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல போட்டீங்களே. 'அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை...' கீழ ரோஜாப்பூ வேற.

பாசித்: முந்நூத்தி நாப்பது பேருக்குப் போட்டேன். ஆமீன்னாங்க, மன்னிச்சாச்சுன்னாங்க. ஒருத்தர் அழுவுற பொம்மை போட்டாரு. உங்க உம்மா நம்பர்ல இருந்துதான்...

நிலோபர்: 'எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க.'

பாசித்: ஆமா.

நிலோபர்: டைப் பண்ணது நான்தான் மாமா. ஆனா அது...

பாசித்: தெரியும்மா. லாத்தாவுக்குப் போன்ல எழுத வராது. நீ விளக்கம் எதுவும் சொல்ல வேணாம். கேக்க வந்தவன் நான். நான்தான் சொல்லணும்.

காதர் பீவி: தள்ளு தள்ளு, தட்டு சுடுது. எடுங்க தம்பி. உங்க கடைக்குப் பதினஞ்சு வருஷம் போட்ட அதே கறிபாப்தான்.

பாசித்: எதுக்கு லாத்தா இந்த வயசுல...

காதர் பீவி: இவ வாப்பா மவுத்தானப்ப எங்களுக்கு ஒண்ட எடம் குடுத்தவரு நீங்க. உங்களுக்குச் செய்யாம? கடை மேல அந்த மாடி வீடு இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் எங்க போயிருப்போம்?

பாசித்: அதெல்லாம் இப்ப எதுக்கு...

காதர் பீவி: ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கஃபாவ முதல் தடவ கண்ணால பாக்குறப்ப கேக்குற துஆ வீண் போகாதும்பாங்க. அப்ப இவ கல்யாணத்துக்குக் கேளுங்க.

நிலோபர்: உம்மா! முப்பத்தாறு வயசாச்சு லா எனக்கு.

காதர் பீவி: நீ சும்மா இரு. தம்பி, கேப்பீங்கல்ல?

பாசித்: கறிபாப் நல்லா சூடா இருக்கு லாத்தா.

காதர் பீவி: கேப்பீங்கல்ல?

பாசித்: கேக்குறேன் லாத்தா.

காதர் பீவி: சாப்பிடுங்க. பால் ஊத்தி சூடாத் தே கலக்கிட்டு வர்றேன்.

நிலோபர்: என்ன மாமா, கறிபாப்பக் கையிலயே வச்சிருக்கீங்க? உம்மா எல்லார்கிட்டயும் இப்படித்தான். லாபிஸ் போற பஸ் டிரைவர்கிட்டகூட மாப்பிள்ளை கேட்டுட்டாங்க.

பாசித்: லாபிஸ்...

நிலோபர்: என்ன?

பாசித்: பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உன்னப் பொண்ணு பாக்க வந்தாங்கல்ல. லாபிஸ்காரங்க.

நிலோபர்: அஹ்னாஃப் வீடா?

பாசித்: ம்.

நிலோபர்: வந்தாங்க, பிடிச்சிருக்குன்னாங்க, போனாங்க. அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. நான் கருப்புன்னு விட்டுட்டாங்க. அந்த வருஷம் முழுக்க நான் பூசுன க்ரீமுக்கு ஒரு கடையே வச்சிருக்கலாம்.

பாசித்: அது இல்லம்மா காரணம்.

நிலோபர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாசித்: உங்க வீட்டுல இருந்து எறங்கி, பையனோட வாப்பா கீழ நம்ம கடைக்குத்தான் வந்தாரு. நுரைக்க ஆத்துன தே தாரிக் குடிச்சாரு. கல்லாவுல நான் இருந்தேன். 'மேல இருக்கிற பொண்ணு எப்படி?'ன்னு கேட்டாரு.

நிலோபர்: என்ன சொன்னீங்க?

பாசித்: பொய் எதுவும் சொல்லல.

நிலோபர்: என்ன சொன்னீங்க மாமா?

பாசித்: 'இன்னும் நாலு எடத்துல நல்லா விசாரிச்சுக்குங்க'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நிலோபர்: அவ்வளவுதானா? அதுக்கு மேல என்ன வேணும் மாமா? எங்களுக்கு வீடு குடுத்தவரே இப்படிச் சொன்னா, எவன் இன்னொரு படி ஏறி வருவான்?

பாசித்: வரல. கண்ணாடி டம்ளரக் கீழ வச்சாரு. அப்படியே கார் ஏறிட்டாரு.

நிலோபர்: விசாரிக்கிற மாதிரி என்கிட்ட என்ன இருந்துச்சு?

பாசித்: ஒண்ணுமே இல்ல. தங்கமான புள்ள நீ.

நிலோபர்: அப்புறம் ஏன்? இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அதையும் சொல்லிடுங்க.

பாசித்: நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா, கல்லாவுக்கு ஆள் இல்ல.

நிலோபர்: என்னது?

பாசித்: ஜொகூர் பாருல ரெண்டாவது கடை தொறக்கப் போற நேரம். இங்க நீ கல்லாவுல இருந்தா நான் நிம்மதியா அங்க போயிட்டு வரலாம். ஒரு வருஷம் போகட்டும், நானே நல்ல எடமாப் பாத்துக் கட்டி வைக்கலாம்னு...

நிலோபர்: பாத்தீங்களா?

பாசித்: இல்ல.

நிலோபர்: ஒரு கேஷியருக்காக.

பாசித்: திட்டும்மா. நல்லாத் திட்டு.

நிலோபர்: இது எப்ப உங்களுக்கு உறுத்த ஆரம்பிச்சுது?

பாசித்: போன வாரம். இஹ்ராம் துணியக் கட்டிப் பழகுன்னு ஹஜ் வகுப்புல சொன்னாங்க. கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். தையல் இல்லாத வெள்ளைத் துணி, மவுத்தானவங்களுக்குச் சுத்துறதும் அதானே... என் மய்யித்த நானே பாக்குற மாதிரி இருந்துச்சு. கபுருக்குழியில என்னையும் விசாரிப்பாங்களேன்னு நெனச்சேன். மனசுல வந்த முதல் முகம் உன்னோடது.

நிலோபர்: அதாவது, பதினோரு வருஷமா என்னைய நெனச்சு உறுத்தல. உங்க மவுத்த நெனச்சதும் உறுத்துது.

பாசித்: ஆமா. அந்த நெனப்பு வரலன்னா இப்பவும் வந்திருக்க மாட்டேன். அவ்வளவு கேவலமான ஆளு நான். ஆனா ஒண்ணும்மா... தெரிஞ்சுக்கிட்டே என்னைய மாமான்னு கூப்பிட்டுட்டு இருந்தியே, அதத்தான் தாங்க முடியல.

நிலோபர்: எனக்கு எங்க தெரியும்? இப்ப நீங்க சொல்லித்தானே தெரியுது!

பாசித்: அப்ப அந்த மெசேஜ்?

நிலோபர்: அதச் சொல்ல வந்தப்பதான் நீங்க விடலையே. 'ஆமீன் போடவா உம்மா?'ன்னு கேட்டேன். 'வேணாம், எதுக்குன்னு சொல்லிக் கேக்கச் சொல்லு'ன்னாங்க. நான் டைப் பண்ணேன்.

பாசித்: லாத்தாவா?

காதர் பீவி: தே ஆறிடும். எடுத்துக்குங்க தம்பி.

பாசித்: லாத்தா... உங்களுக்கு எப்படி...

காதர் பீவி: அன்னிக்கு வந்தவங்களுக்கு வச்சது போக மிச்சக் கறிபாப்பக் கடைக்குக் குடுக்கலாம்னு பின்வாசல் வழியா வந்தேன். கல்லாவுக்குப் பின்னாடி திரைதானே. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு.

நிலோபர்: கேட்டுட்டு?

காதர் பீவி: தட்ட வச்சுட்டு மேல ஏறி வந்துட்டேன்.

நிலோபர்: கருப்புன்னு விட்டிருப்பாங்கன்னு என்கிட்டச் சொன்னதே நீங்கதானே உம்மா!

காதர் பீவி: நான்தான்.

பாசித்: அன்னிக்கே என் முகத்துல துப்பியிருக்கலாமே லாத்தா...

காதர் பீவி: துப்பிட்டு எங்க போறது தம்பி? வீடு உங்களுது. வயசுக்கு வந்த புள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வேற எந்த வாசல்ல நிப்பேன்?

பாசித்: ஒரு வார்த்த... மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

காதர் பீவி: அது என் கையில இல்ல. இவ குடுத்தாத்தான் உண்டு.

பாசித்: நிலோபர்...

நிலோபர்: இப்ப வாய் வரல மாமா. போயிட்டு வாங்க. திரும்பி வந்து கேளுங்க.

பாசித்: திரும்பி வரலன்னா?

காதர் பீவி: கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, இவகிட்ட மன்னிப்பு கேக்குற வரிசையில உங்களுக்கு முன்னாடி நான் நிக்கிறேன். எனக்கு எழுபத்தி மூணு வயசு, எனக்கு ஃப்ளைட் தேதிகூட யாரும் சொல்ல மாட்டாங்க. நிலோபர், இப்படி என் பக்கத்துல வா... எதுக்குன்னு சொல்லியே கேக்குறேன். உன் நெறத்துல ஒரு குறையும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே, அந்த க்ரீம் டப்பாவ மாசாமாசம் நான்தானே வாங்கிட்டு வந்து குடுத்தேன்.