பாலத்துக்கு இந்தப் பக்கத்து அட்டை

— எங்க, இன்னொரு தடவை சொல்லு பாப்போம். புருஷன் எங்கன்னு கேட்டா?

— போயிட்டாருன்னு சொல்லுவேன்.

— போயிட்டாருன்னா நான் செத்தே போயிட்டேன்னு எடுத்துக்குவாங்க. அப்புறம் இறப்புச் சான்றிதழ் எங்கன்னு நிப்பாங்க. பிரிஞ்சு போயிட்டாருன்னு சொல்லு. ஏன் பிரிஞ்சாருன்னு கேட்டா?

— குடிச்சுட்டு வந்து அடிப்பாரு.

— கடையில சாமான் கேக்கற மாதிரிச் சொன்னா யாரு நம்புவா? கொஞ்சம் தொண்டை அடைக்கிற மாதிரிச் சொல்லு.

— ஒரு சோடா குடிச்சாலே ஏப்பம் விட்டுத் தெருவைக் கூட்டற ஆளு நீங்க. நீங்க குடிச்சுட்டு அடிப்பீங்கன்னு சொல்றதுக்குள்ள எனக்கே சிரிப்பு வந்துடுது.

— சிரிச்சுத் தொலைக்காதே. இன்னிக்கு நகராட்சியில இருந்து வர்ற அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் மருத்துவ அட்டை. அட்டை இல்லன்னா ஒண்ணாம் தேதியில இருந்து மெஷின்ல படுக்க வைக்க மாட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வாரத்துக்கு மூணு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணலன்னா எத்தனை நாள் தாங்கும்னு அந்த டாக்டர் விரலை மடக்கிக் காட்டினாரே, மறந்து போச்சா?

— மறக்கல. பத்து விரலும் அவருக்குத் தேவைப்படல.

— வாயைக் கழுவு. அந்தக் கொடியில தொங்கறது யாரு சட்டை?

— உங்களுதுதான். போன ஞாயித்துக்கிழமை கழட்டிப் போட்டுட்டுப் போனது.

— கெட்டுது போ! எடு அதை. பைக்குள்ள வை. பிரஷ் எத்தனை இருக்கு?

— ஒண்ணுதான். ஏழு மாசமா எல்லாமே இங்க ஒண்ணுதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. தனியா இருக்கறவ எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருக்கேன். இதுல நடிக்க என்ன இருக்கு?

— இங்க பாரு, எனக்கு மட்டும் ஆசையா? ஷெட்டுல நானும் பச்சை பேட்ஜ்காரனும் ஒரே பஸ்ஸுக்குத்தான் தகரம் வெல்டிங் வெக்கிறோம். அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். அவனுக்கு நிரந்தர வேலை, அதனால அவன் மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன் வரைக்கும் கம்பெனி காப்பீடு பார்த்துக்குது. எனக்கு மஞ்சள் பேட்ஜ், கான்ட்ராக்ட். ஷிப்ட்டுல கை கிழிஞ்சா கம்பெனிக்காரன் ஒரு கட்டுப் போட்டு விடுவான். அதே கை வீட்டுல கிழிஞ்சா என் பாடு. பொண்டாட்டி சிறுநீரகத்தைப் பத்தி அவன்கிட்ட வாயைத் திறக்க முடியுமா?

— அதை ஏன் இப்ப எடுக்கறீங்க? எனக்குத் தெரியாததா?

— பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்ததுதான் நாம பண்ண தப்பு. இந்தப் பக்கத்து நகராட்சியாவது தனியா வாழ்ற பொம்பளைங்களுக்குன்னு ஒரு அட்டை வெச்சிருக்கான். அந்தப் பக்கம் அதுவும் கிடையாது. அதான் ரூம் பிடிச்சேன், உன்னைக் கொண்டாந்து வெச்சேன், கோர்ட்டுல பிரிவு மனுவும் போட்டேன். மனசு கேக்கலதான். ஆனா நீ உயிரோட... இரு, இரு. என்ன சத்தம் அது?

— யாரோ படியேறி வர்றாங்க.

— மூணு மணிக்குன்னுதானே சொன்னாங்க? இப்ப ரெண்டுதானே ஆகுது!

— பிடிக்க வர்ற அதிகாரி சொன்ன நேரத்துக்கா வருவாங்க? இறங்கிப் போக இந்த ஒரு படிக்கட்டுதான் இருக்கு. அந்தக் கை கழுவற தொட்டிக்கு அடியில போய் உக்காருங்க. பையில ஸ்பேனர் இருக்குல்ல, அதை எடுத்துக்கோங்க. நீங்க குழாய் ரிப்பேர்காரர்.

— நானா?

— உள்ள வாங்க மேடம். கதவு திறந்துதான் இருக்கு.

— அப்பாடா! இருபத்தாறு படிம்மா. எண்ணிக்கிட்டே வந்தேன். என் முட்டி ரெண்டும் என்னைத் திட்டுது. நகராட்சியில இருந்து வரேன், மருத்துவ அட்டைக்கு நேர்ல பார்த்து எழுதறதுக்கு. நீங்கதானே விண்ணப்பம் கொடுத்தது?

— நான்தான் மேடம். இப்படி உக்காருங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு.

— நீங்க படுத்துக்கோங்க, பரவால்ல. கை வீங்கியிருக்கே. இன்னிக்கு மெஷின்ல போட்டாங்களா?

— காலையிலதான் போட்டாங்க.

— சரி, எழுதிக்கறேன். அது யாரு?

— குழாய் ரிப்பேர் பண்றவரு. ரெண்டு நாளா ஒழுகிட்டே இருந்துது.

— வணக்கம்மா. வாஷர் போயிடுச்சு, இதோ ஆயிடும்.

— நீங்க உங்க வேலையைப் பாருங்க. ஏம்மா, தப்பா நினைக்காதீங்க, கேக்க வேண்டியதைக் கேட்டாகணும். நேத்து ஒரு வீட்டுல தனியா இருக்கேன்னு சொன்ன பொண்ணோட கட்டிலுக்கு அடியில நாலு ஜோடி ஆம்பளைச் செருப்பு. இங்க யாரும் வந்து தங்கறது இல்லையே?

— இல்ல மேடம்.

— எத்தனை மாசமா இங்க இருக்கீங்க?

— ஏழு மாசம்.

— எழுதிக்கறேன். பிரிஞ்சதுக்குக் காரணம்? எல்லாரும் குடி, அடின்னுதான் சொல்றாங்க. உங்களுக்கும் அதானா?

— இல்ல மேடம். குடிக்க மாட்டாரு. என் மேல கையை ஓங்கினதே கிடையாது.

— அப்போ?

— எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். நாலு வயசு.

— இருந்தான்னா?

— ஒரு நாள் காலையில காய்ச்சல். மத்தியானத்துக்குள்ள கண்ணு சொருகி, உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பிச்சுது. நான் சொன்னேன், தூக்கிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடிடலாம், பெரிய ஆஸ்பத்திரி கால் மணி நேர நடைதான்னு. அவரு கேக்கல. அது இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு, அட்டை இல்லாமப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான், சூப்பர்வைசர் கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடறேன், கடிதத்தைக் காட்டினா உள்ள விடுவான்னாரு.

— ம்.

— ஷெட்டுக்குப் போனாரு. சூப்பர்வைசர் மீட்டிங்ல இருந்தாராம். கேட்டுக்கு வெளிய ரெண்டு மணி நேரம் நின்னிருக்காரு. சத்தம் போடல. உள்ள நுழையல. கூப்பிடற வரைக்கும் நின்னிருக்காரு. அப்புறம் கடிதத்தோட வந்தாரு மேடம். நல்ல கடிதம்தான். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்துது. பையன்தான் இல்ல.

— ஐயோ. என்னப்பா அது, விழுந்த சத்தம்?

— ஒண்ணும் இல்லம்மா. கை வழுக்கிடுச்சு. ஸ்பேனர்.

— சொல்லுங்கம்மா. எவ்வளவு நாளாச்சு?

— பதினோரு வருஷம்.

— பதினோரு வருஷம் கூடவே இருந்துட்டு, ஏழு மாசத்துக்கு முன்னாடிதான் பிரிஞ்சீங்களா?

— அப்பல்லாம் விதின்னு நினைச்சுக்கிட்டேன். அவரைப் பார்த்தாலும் பாவமா இருந்துது. கடிதத்தைப் பிடிச்ச கையை விரிக்கவே இல்ல அவரு, நாங்கதான் விரலைப் பிரிச்சு எடுத்தோம். இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் அந்த போர்டைப் பார்த்தேன்.

— எந்த போர்டு?

— ஆஸ்பத்திரி வாசல்ல, டிக்கெட் கொடுக்கற ஜன்னலுக்கு மேல. ‘ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாயினும் அட்டை தேவையில்லை’ன்னு எழுதியிருக்கும்.

— ஆமா. அது ரொம்ப நாளா இருக்கே.

— ஓரமெல்லாம் துருப்பிடிச்சிருக்கு மேடம். வாட்ச்மேனைக் கேட்டேன், எப்ப மாட்டினதுன்னு. அவரு வேலைக்குச் சேர்ந்தே இருபது வருஷம் ஆச்சாம், அதுக்கும் முன்னாடியே இருந்துதாம். வாரத்துக்கு மூணு நாள் அதுக்கு அடியிலதான் வரிசையில நிக்கறேன். படிக்க வேண்டாம்னு தலையைக் குனிஞ்சுக்குவேன். அப்பவும் தெரியும், மேல அது இருக்குன்னு.

— ...இந்தப் படிவத்துல காரணம்னு ரெண்டு வரிதான் இடம் விட்டிருக்காங்க. இதை நான் எப்படிம்மா எழுதறது?

— கருத்து வேறுபாடுன்னு போட்டுக்கோங்க.

— ம். எழுதிக்கறேன். அழாதீங்க. தண்ணி குடிக்கறீங்களா? இந்த டம்ளர்ல ஊத்தவா?

— கொடுங்க மேடம். தொண்டை வறண்டு போச்சு.

— அவளுக்கு அவ்வளவு ஊத்தாதீங்க! காலையில ஒண்ணரை டம்ளர் ஆயிடுச்சு, இன்னும் அரைதான் பாக்கி. அதுக்கு மேல போனா ராத்திரி மூச்சு விட முடியாது அவளால.

— ஏம்ப்பா, குழாய் ரிப்பேர் பண்றவருக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்?

— அது வந்தும்மா... ஆஸ்பத்திரியில சொல்லிக்கிட்டாங்க...

— எழுந்து வாங்க. அந்த வாஷரை நான் வந்ததுல இருந்து தலைகீழா வெச்சு முறுக்கறீங்க. தகரம் பிடிச்ச கை அது, கையெல்லாம் வெல்டிங் பொறி சுட்ட தழும்பு. அந்தப் பக்கத்து பஸ் ஷெட்டா?

— அம்மா, கால்ல வேணும்னாலும் விழறேன். எல்லாம் என் யோசனை. அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல. என்னை ஜெயில்ல போடுங்க, அட்டையை மட்டும் நிறுத்திடாதீங்க. அது இல்லன்னா அடுத்த மாசம் அவ இருக்க மாட்டா.

— முதல்ல எழுந்திருங்க. கால்ல விழுந்தா நான் குனிஞ்சு தூக்கணும், என் முட்டிக்கு அது ஆகாது. அந்த அம்மா சொன்னதெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்த கதையா?

— இல்லம்மா. நான் குடிகாரன்னு சொல்லத்தான் சொல்லிக் கொடுத்தேன். இது... பையன் போனது நிஜம். கேட்டுல நின்னது நிஜம். பதினோரு வருஷத்துல ஒரு நாள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்ல இவ. மனசு ஆறிடுச்சுன்னு நினைச்சேன். இவளே, அந்த போர்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— தெரியாதுன்னு எனக்குத் தெரியுங்க. போய்க் கேட்டுப் பாக்கலன்னும் தெரியும்.

— எப்படிப் போய்க் கேப்பேன்? பொறந்ததுல இருந்து உனக்கு இல்ல, உனக்கு இல்லன்னே கேட்டு வளர்ந்த ஆளு நான். கேட்டைப் பார்த்தாலே கால் தானா நின்னுடும். அன்னிக்கும் நின்னுடுச்சு.

— சரி, ரெண்டு பேரும் கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. இந்தக் கண்ணாடி வேற, எங்க போச்சு... இதோ. போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு. எங்க ஆபீஸ் போர்டுல இன்னும் ஒட்டல, யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து ஷெட்டுல கான்ட்ராக்ட் வேலை பாக்கறவங்க குடும்பம், இந்தப் பக்கம் ஆறு மாசத்துக்கு மேல குடியிருந்தா, அவங்களையும் சேர்த்துக்கலாம்னு போட்டிருக்கான்.

— சேர்த்துக்கலாம்னா?

— அட்டை உண்டுன்னு அர்த்தம். உங்க மனைவிக்கு ஏழு மாசம் ஆயிடுச்சு. பிரிவு மனு மேல தீர்ப்பு வந்துடுச்சா?

— இல்லம்மா, அடுத்த மாசம்தான் கூப்பிட்டிருக்காங்க.

— அப்போ வாபஸ் வாங்கிடுங்க. நீங்களும் இங்கயே வந்து இருங்க, எவனுக்கும் பயப்பட வேண்டாம். இதோ பாருங்க, படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. ‘குடும்பத்துடன்’னு ஒண்ணு, ‘தனித்து வாழ்பவர்’னு ஒண்ணு. எதுல டிக் போட்டாலும் அதே அட்டைதான், அதே மெஷின்தான். ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. அந்த அம்மா இங்க ஏழு மாசமா தனியாத்தான் இருந்திருக்காங்க, நான் எதை எழுதினாலும் அதுல தப்பும் இல்ல.

— நிஜமாவா? அம்மா, நீங்க நல்லா இருக்கணும்! கேட்டியா? மனுவே வேண்டாமாம், ஒளிய வேண்டாமாம்! நாளைக்கே நான் வந்துடறேன். இங்க இருந்து ஷெட்டுக்கு சைக்கிள்ல இருபது நிமிஷம்தான். மெஷினுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், வரிசையில உனக்குப் பதிலா நான் நிக்கறேன், நீ உள்ள போய் உக்காந்துக்கோ. அந்த போர்டை நீ பாக்கவே வேண்டாம். சமையலும் நானே பண்றேன், உனக்குத்தான் உப்பு ஆகாதே. அம்மா, அந்தக் குடும்பக் கட்டத்துல டிக் போட்டுடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— இருங்க, இருங்க. விண்ணப்பம் அவங்க பேர்ல இருக்கு. அவங்கதான் சொல்லணும். ஏம்மா, குடும்பத்தோடன்னு எழுதிக்கவா?

— சொல்லேன்! என்ன யோசனை?

— அவரு வந்தா நல்லாத்தான் பார்த்துக்குவாரு மேடம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க தனியான்னே எழுதிக்கோங்க.