அன்புள்ள கருவாட்டு வியாபாரிகளுக்கு

— இன்னாசிப்பிள்ளைக் கிளாக்கர், ஒருக்கா நிப்பாட்டுங்கொ. இவ்வளவு நேரமா அரசாங்கக் கடுதாசிய வாசிக்கிறீங்க. மன்னர் வந்தாரு, ஜப்பான்காரன் வந்தான். என்ட கருவாடு எப்ப வரும்?

— மன்னிக்க வேண்டும், ஹயாத்து முகம்மது முதலாளி. இதோ வருகிறது. "கற்பிட்டி வியாபாரப் பெருமக்கள் யுத்த காலத்தின் துயரை உணர்ந்து, தமது கருவாட்டை அன்பான விலைக்கு மனமுவந்து விற்பார்களென அரசாங்கம் பூரிப்புடன் நம்புகிறது."

— அன்பான வெலயெண்டா?

— இப்போதைய விலையில் பாதி.

— அல்லாவே! மனம் உவக்காட்டி?

— சிறை.

— அத எங்க எழுதி ஈக்கி?

— எழுதவில்லை. அத்தகைய சொற்கள் மனத்தைப் புண்படுத்துமென்று எங்கள் வெள்ளைக்காரத் துரை கருதுகிறார். அதைப் பொலிஸ்காரர் நேரில் வந்து சொல்லுவார்.

— எங்கட ஆக்கள் அறுக்கிறதுக்கு முந்தி ஆட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. உங்கட துரை பன்னீர் தெளிக்கிறாரு!

— நயமாகச் சொன்னால் மக்களும் நயமாக நடப்பார்கள் என்பது அரசாங்கக் கச்சேரியின் கொள்கை, முதலாளி.

— கேளுங்கொ தம்பி. தலவில வேதக்கோயில் திருநாளுக்கு வார சனத்துக்கு விக்கத்தான் பண்டசாலை முட்ட அடுக்கி வச்சீக்கிறன். கையில ஈந்ததெல்லாம் அதுலதான். பாதி வெலைக்குக் குடுத்தா கடையப் பூட்டிட்டுக் கரவல இழுக்கப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சோடன எழும்பிச் செல்லுவன், ஒரு முதலாளியும் குடுக்க வாணாமெண்டு. என்ட பேச்ச இஞ்ச ஒத்தரும் தட்ட மாட்டாங்க.

— அது துரைக்கும் தெரியும். ஆகையால்தான் கடைசி வரியில் தங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்.

— என்ட பேரா? வாசிங்கொ!

— "வியாபாரிகளின் தலைவர் ஜனாப் ஹயாத்து முகம்மது அவர்களின் வேண்டுகோளுக்கிணங்கவே இவ்விலை குறைக்கப்பட்டது."

— நான் எப்ப கேட்ட?

— சென்ற மாதம் துரைக்கு மாலையிட்டு, "நீங்க என்ன வெல வச்சாலும் எங்களுக்கு அல்லாட பரக்கத்து" என்றீர்கள். அடியேன்தான் மொழிபெயர்த்தேன்.

— அது மாலை போடக்குள்ள செல்லுற கத, மனிசா!

— நானும் அப்படித்தான் நினைத்தேன். துரை மெய்யென்று எடுத்துக்கொண்டார்.

— கிழிங்கொ அந்தக் கடுதாசிய!

— தாராளமாகக் கிழிக்கலாம். ஆனால் காலையிலேயே கடைத்தெருவெங்கும் பறையறைந்தாயிற்று. தங்களுக்கு மட்டும் மரியாதை கருதி நேரில் வாசிக்க வந்தேன்.

— மகள் ரம்ஸியா! வாசல்ல என்ன புள்ள சத்தம்?

— சனமெல்லாம் கூடையோட நிக்கிது. வெலயக் கொறச்ச மனிசரெண்டு கையேந்தி உங்களுக்குத் துவாச் செய்யிறாங்க. பின்னால மத்த முதலாளிமாரும் நிக்கிறாங்க. அவங்க துவாச் செய்யல்ல.