மணிக்கூட்டைத் திருப்பின வருஷங்கள்

— ஐயோ நபீஸ் தம்பி, நான் கையை எடுத்துப்போட்டன்! இனி ஒண்டையும் தொடமாட்டன். தொட்டா ஸ்கிரீன் முழுக்க வெள்ளையாப் போயிடும்.

— தொடுங்க ஜீவராணி ஆன்டி, பயப்பட வேணாம். வெள்ளையாப் போறது பழைய வேர்ஷன்ல. அப்ப ஸ்கிரீனப் பாக்குறதும் கணக்குப் போடுறதும் ஒரே ஆள்ட தலையில ஈந்திச்சு. கணக்கு முடியும் வரைக்கும் எல்லாம் செத்த மாதிரி நிக்கும். இப்ப கணக்கு பின்னுக்கு ஓடுது, நீங்க முன்னுக்கு உங்கட வேலையப் பாருங்க.

— கலியாண மண்டபம் எண்டு வையுங்கோவன் அம்மா. முன்னுக்குத் தாலி கட்டேக்க பின்னுக்குச் சோறு வேகுதுதானே. சோறு வேகுமட்டும் ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறவரே?

— நீ சும்மா இரு ஹம்சிகா. இவ்வளவு வேலையையும் இழுத்து வச்சது நீதான்.

— நான் எங்க இழுத்தன்? போன கிழமை கிளிநொச்சியில இருந்து வந்த மனிசன் கேட்டார், "பிள்ளை, பிறந்த நேரம் பழைய நேரமோ புது நேரமோ" எண்டு. நான் முழிச்சுக்கொண்டு நிண்டன். உங்களோட இருந்து அஞ்சு வருஷமாக் கலியாணம் பேசுறன், எனக்கு அது தெரியாது. நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி குடுத்துக் கதையை மாத்திப்போட்டியள்.

— ஆன்டிக்கு மறந்து ஈக்கும். எனக்கும் தெரியாதே. வாப்பாட்டக் கேட்டா சிரிக்கிறார். கரண்ட் மிச்சம் பிடிக்கன்னு தொண்ணூத்தாறு மே மாசம் நாட்டு மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்களாம். ஒக்டோபர்ல அதுல பாதியத் திருப்பி எடுத்தாங்க. மத்த அரமணித்தியாலம் ரெண்டாயிரத்தாறு ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே நிண்டிச்சாம். புலிகள் வச்சிருந்த வன்னியில, அந்தக் கிளிநொச்சிப் பக்கம் மட்டும் பழைய நேரம்.

— பத்து வருஷம், நபீஸ் அண்ணா! இண்டைக்கு இஞ்ச வெள்ளவத்தையில கலியாணத்துக்கு நிக்கிற ஆக்கள் அரைவாசிப் பேர் அந்தப் பத்து வருஷத்துக்க பிறந்ததுகள்.

— அவங்க எல்லாருக்கும் நம்மட ப்ரோக்ராம் அரமணித்தியாலம் பிந்தித்தான் சந்திரனப் பாத்திருக்கு. கெம்பஸ் படிக்கிற காலம் நான்தான் எழுதித் தந்தேன், எல்லா வருஷத்துக்கும் ஒரே நேரம்ன்னு. யா அல்லாஹ், நெனச்சா நெஞ்சு பதறுது.

— மணிக்கூட்டைத் திருப்பினாப்போல சந்திரன் திரும்பிப் பாக்குமே? அது தன்ர பாட்டில போயிருக்கு. நாங்கள்தான் கீழ நிண்டு பிழையான மணிக்கூட்டைப் பாத்திருக்கிறம். எனக்கு மயிர்க்கூச்செறியுது அம்மா, தொட்டுப் பாருங்கோ.

— தம்பி, இந்த மூலையில பச்சையா நீளுறது என்ன?

— அதுதான் பின்னுக்கு ஓடுற வேல. நீங்க "பொருத்தம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பின சோடிகள் மட்டும் ஓட விட்டிருக்கேன். மூவாயிரத்து எண்ணூத்தி எழுவது சோடி. ஒவ்வொருத்தர்ட குறிப்பையும் எடுத்து, புறந்த நிமிஷத்துக்குச் சந்திரன் எங்க நிண்டிச்சுன்னு திரும்பப் பாக்குது. பக்கத்துல ஈக்குறது பட்டன்கள். இது கொஞ்சம் பொறுத்து நிக்கச் சொல்ல, இது அடியோட நிப்பாட்ட.

— இவ்வளவையும் பாத்துக்கொண்டோ நான் அடிக்கிற எழுத்தும் விழுகுது? என்ர கடவுளே, ஒரு சத்தம் கூட இல்லை. நான் கொப்பியோட இருந்து இருபது வருஷமாப் பாத்தது.

— ஆன்டி, சிவப்புல ஒண்டு வந்திருக்கு! இது மாறின சோடி. பாமன்கடையில ஈக்குற யதுஷா.

— வாசிக்கட்டே? உத்தரமெண்டு போட்டிருக்கு, உண்மையில பூரம். ஏழு நிமிஷம் அம்மா! ஏழு நிமிஷத்தில நட்சத்திரம் மாறியிருக்கு. அந்தப் பெடியனோட பொருந்துது.

— யதுஷா... அந்தக் கதிரையில இருந்துதான் அழுதவள். தாய் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவ. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு இருந்தனான்.

— எல்லாருக்கும் மாறாது ஆன்டி. நூறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான். ஒரு நட்சத்திரம் முடிஞ்சு மத்தது தொடங்குற வாசல்ல நிண்டு புறந்த ஆக்கள். எங்கட மார்க்கத்துல இதெல்லாம் பாக்குறல்ல, ஆனா சொல்றேன், இந்த எண்ணிக்கை கூடுறதுல இருந்து கண்ண எடுக்க ஏலாம ஈக்கு.

— எழுபத்தொண்டு. எழுபத்திரண்டு. அண்ணா, வருஷ ஒழுங்கிலயோ போகுது?

— ஓ, நீங்க "இல்ல"ன்னு சொன்ன திகதி ஒழுங்குல. இப்ப ரெண்டாயிரத்து இருபது.

— அப்ப அடுத்தது இருபத்தொண்டு.

— ஹம்சிகா, போய் நபீஸ் தம்பிக்குக் குடிக்க ஏதும் கொண்டு வா.

— நான் இதை விட்டு அசைய மாட்டன். என்ர பேரும் அதுக்குள்ள இருக்கு அம்மா. இருபத்தொண்டு ஆவணி. ஹம்சிகா, அபிஷன். "ரெண்டு பேருக்கும் ஒரே கழுத்து ரச்சு, கட்டினா ஒரு ஆள் தங்காது" எண்டு நீங்கள் இதே மேசையில இருந்து சொன்னது. நான் அழேல்ல. நீங்கள் ஆருக்கும் பொய் சொன்னதில்லை எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் அவனைப் போகச் சொன்னனான்.

— அபிஷன் ஆரு?

— வத்தளையில இருக்கிறார் அண்ணா. மெல்பேர்ணுக்கு விசா வந்து நிண்டவர். நாங்கள் கட்டிக்கொண்டு போறதா இருந்தது. பிறகு அவரும் போகேல்ல, நானும் கட்டேல்ல. நான் தொண்ணூற்றெட்டு, கொட்டாஞ்சேனையில பிறந்தனான். புது நேரம்.

— தம்பி, நிப்பாட்டும். காணும். எனக்குத் தலை சுத்துது.

— பாதியிலயா ஆன்டி?

— நிப்பாட்டும் எண்டு சொல்லுறன்! எந்தப் பட்டன்? இதோ? அமத்திப்போட்டன். ஏன் நிக்குதில்லை? இன்னும் ஓடுது, பாரும்!

— ஒடனே நிக்காது. நீங்க நிக்கச் சொன்னது அதுக்குக் கேட்டிருக்கு, அந்தா "நிறுத்தப்படுகிறது"ன்னு எழுதியிருக்கு. ஆனா கையில எடுத்த மாசத்த முடிச்சிட்டுத்தான் நிக்கும். நடுவுல வெட்டினா ஒருத்தர்ட குறிப்பு மாறி மத்தவர்ட மாறாம நிண்டுடும். பொறவு எது சரின்னு ஆருக்கும் தெரியாமப் போயிடும்.

— எந்த மாசம் கையில கிடக்கு?

— இருபத்தொண்டு... ஓகஸ்ட்.

— ஆவணி. அம்மா, என்ர கையைப் பிடியுங்கோ.

— வந்திருச்சு. நான் வாசிக்கல்ல, நீங்களே பாருங்க தங்கச்சி.

— ஹம்சிகா. சுவாதி எண்டு போட்டது... சித்திரை. நான் சித்திரை! இவ்வளவு காலமும் சுவாதிக்கு அருச்சனை செய்யிறம். அபிஷன் தொண்ணூற்றஞ்சு, அவர் மாறேல்ல, சதயம். ரச்சு... பொருந்துது. அம்மா, பொருந்துது!

— மாஷா அல்லாஹ்.

— எத்தனை நிமிஷம் எண்டு காட்டுது அண்ணா?

— பன்னிரெண்டு நிமிஷம். நீங்க சித்திர முடிய பன்னிரெண்டு நிமிஷம் ஈக்கக்குள்ள புறந்தீங்க.

— பன்னிரண்டு நிமிஷம்! நான் அவசரப்பட்டு வந்திருக்கிறன் அம்மா. எனக்குத் தெரியாமலே எனக்கு எல்லாம் சரியா இருந்திருக்கு. மேல அவ்வளவு தூரத்தில ஒண்டு தன்ர பாட்டில நடந்துகொண்டிருக்க, கீழ நான் நாலு வருஷம்... என்ர ஃபோன் எங்க? அபிஷனுக்குச் சொல்ல வேணும். இப்பவே சொல்ல வேணும்.

— வேல நிண்டிருச்சு ஆன்டி. எம்பத்திநாலு சோடி மாறியிருக்கு, இன்னும் நாலு வருஷம் பாக்கி. நாளைக்கு வந்து திரும்ப ஓட விடுறேன். அழாதீங்க. நீங்களா மணிக்கூட்டத் திருப்பின?

— அதைத்தானே நானும் சொல்லுறன். அம்மா, இஞ்ச பாருங்கோ. உங்களில ஒரு பிழையும் இல்லை. அந்த எண்பத்துநாலு பேருக்கும் நானே எடுத்துக் கதைக்கிறன். இந்த நேரம் மாத்தினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? தெரியாமச் செய்ததுக்கு ஏன் இப்பிடி அழுறியள்?

— ஃபோனை வை பிள்ளை. முதல் என்னைக் கேள்.

— என்னத்தை?

— நீ என்ர வயித்தில இருந்து வரேக்க சுவரில தொங்கின மணிக்கூட்டைப் பாத்தவள் நான், அது புது நேரம் எண்டு எனக்குத் தெரியாதே? அபிஷன்ர குறிப்பு வந்த அண்டைக்கு மெஷினை நம்பாமல் அரைமணித்தியாலத்தைக் கழிச்சுப்போட்டுக் கையால பாத்தனான். பொருந்தினபடியாத்தான், என்னை விட்டுட்டு மெல்பேர்ண் போயிடுவாய் எண்டு பயந்து, இல்லையெண்டு சொன்னனான்.